இரண்டு செட்டுக்கும் ஒரே நடுக்கம்

கூடப் பிறந்தவனையே காட்டிக் கொடுத்தவள் என்று சொந்தக்காரர்கள் என்னைச் சொல்கிறார்கள். தாராளமாகச் சொல்லட்டும். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது. ஆனால் அதே வாய் என் அண்ணியைப் பற்றித் தப்பாக ஒரு வார்த்தை பேசினால் எனக்குப் பொத்துக்கொண்டு வருகிறது. "பொம்பளைக்கு மெஷின் வேலை எதுக்கு? கட்டினவனையே வேலையை விட்டுத் தூக்க வச்சுட்டா பாரு" என்று போன வாரம் ஒரு சித்தி ஆரம்பித்தாள். அந்தச் சித்திக்கும் சேர்த்துத்தான் இதைச் சொல்கிறேன்.

நான் குடிநீர் வாரியத்தில் ஜீப் ஓட்டுகிறவள். மலை மேல் நீர்த்தேக்கம், கீழே ஊருக்குள் பம்ப் நிலையம். இரண்டுக்கும் நடுவே வளைந்து வளைந்து போகிற ரோட்டில் ஆளையும் சாமானையும் ஏற்றி இறக்குவதுதான் என் பிழைப்பு. ஆபீசில் என் பெயர் ஹாரன். வண்டியில் ஹாரன் கெட்டுப் போனால்கூடக் கவலையில்லை, இவளைத் தலையை வெளியே நீட்டிப் பேசச் சொன்னால் போதும் என்று மெக்கானிக் வைத்த பட்டம் அது.

என் அண்ணன் மேலே நீர்த்தேக்கத்தில் ஆபரேட்டர். அங்கேயே குவார்ட்டர்ஸில் தங்கி, வாரம் ஒரு நாள் வீட்டுக்கு இறங்கி வருவான். அண்ணி கீழே பம்ப் நிலையத்தின் கட்டுப்பாட்டு அறையில் டெக்னீஷியன். அவளுக்கு ஆபீசில் முள்ளக்கா என்று பெயர். மீட்டர் முள்ளைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுவாள், முள்ளைப் பார்த்துக்கொண்டே தலை வாரிக்கொள்வாள், யாராவது பேச வந்தால் அவர்கள் முகத்தை ஒரு தரமும் முள்ளை மூன்று தரமும் பார்ப்பாள். கீழே பம்புகள் ஓடும்போது அந்த அறையின் தரையே லேசாக அதிரும். அந்த அதிர்வு நின்றால் இவளுக்குத் தூக்கம் கலைந்துவிடும் என்று மற்ற ஷிப்டுக்காரர்கள் கேலி செய்வார்கள். அவளும் சேர்ந்து சிரிப்பாள். "சுமாரா இருக்கும்", "ஏறக்குறைய அவ்வளவுதான்" என்று யாராவது சொன்னால் மட்டும் சிரிப்பு நின்றுவிடும்.

இவர்கள் கல்யாணமே நீர்மட்டம் பேசிப் பேசி நடந்த கல்யாணம்தான். காலையும் மாலையும் அண்ணன் மேலே அளவுகோலைக் கண்ணால் பார்த்து ஆபீஸ் போனில் மட்டத்தைச் சொல்வான். கீழே முள் காட்டுவதோடு அண்ணி அதைச் சரிபார்ப்பாள். முதலில் மட்டம் மட்டும் பேசினார்கள். அப்புறம் மலையில் மழையா என்றார்கள். அப்புறம் சாப்பிட்டாச்சா என்றார்கள். சாப்பிட்டாச்சா என்று கேட்க ஆரம்பித்தால் அதற்கு மேல் என்ன, எல்லாம் தானாக நடக்கும். என் அண்ணன் பேச்சில் தேன் ஒழுகும். நான் அவன் தங்கை, எனக்கே ஒழுகும் என்றால் பாருங்கள்.

கல்யாணமான புதிதில் நான்தான் அண்ணியைக் கேட்டேன், அந்த மலையில் இருக்கிற தண்ணீர் இந்த முள்ளுக்கு எப்படித் தெரிகிறது என்று. ஜீப்பில் போய்க்கொண்டிருந்தோம். "ஹாரனை அமுக்கு" என்றாள். அமுக்கினேன்.

"இப்ப மேல தண்ணி நிறைய இருந்தா நீ சத்தமா அடிக்கிற, கம்மியா இருந்தா மெதுவா அடிக்கிறன்னு வச்சுக்கோ. கேக்கறவனுக்குப் புரியுமா?"

"காத்து அடிச்சா, பக்கத்துல லாரி போனா, சத்தம் கூடினதா குறைஞ்சதான்னே தெரியாதே."

"அதான் அந்த முறை வேலைக்கு ஆகலை. வழியில வர்ற இரைச்சல் நேரா சத்தத்து மேலயே ஏறிக்கும். அதனால நம்ம செட்டுல சத்தத்தை விட்டுட்டாங்க. நிறைய தண்ணின்னா நீளமா அடி, கம்மின்னா குட்டையா அடி. கேக்கறவன் நீளத்தை மட்டும் அளந்தா போதும். கம்பியில ஒவ்வொரு துடிப்பா அப்படித்தான் வருது. துடிப்போட அகலம்தான் தண்ணி."

அது பழைய செட். மேலே அனுப்புகிற ஒரு பெட்டி, கீழே வாங்கி முள்ளை நகர்த்துகிற ஒரு பெட்டி. இடி இடித்தால் கம்பியில் ஏறுகிற இரைச்சல் அந்தத் துடிப்பின் விளிம்பைக் கொஞ்சம் அரிக்கும். அப்போது முள் நடுங்கும். நடுக்கத்தைப் பார்த்தே அண்ணி மலையில் இடி என்று சொல்லிவிடுவாள். நான் அவளை ஜோசியக்காரி என்பேன்.

அப்புறம்தான் புது செட் வந்தது. நல்ல கம்பெனி, நல்ல சாமான், அதில் குறை ஒன்றும் இல்லை. அதைப் பற்றியும் ஹாரனை வைத்தே சொன்னாள். "இது நீளமும் பார்க்காது, சத்தமும் பார்க்காது. தண்ணி மட்டத்தைப் படிக்கட்டு மாதிரி பிரிச்சு ஒவ்வொரு படிக்கும் ஒரு எண் வச்சிருக்கு. அந்த எண்ணை ஹாரன் அடி, அடிக்காம விடு, அடி, அடி, விடுன்னு ஒரு வரிசையா அனுப்புது. கேக்கறவன் ஒவ்வொரு இடத்துலயும் ஒரே ஒரு கேள்விதான் கேட்டுக்கணும். அடிச்சானா, இல்லையா? எவ்வளவு இரைச்சல் இருந்தாலும் அதைச் சொல்லிடலாம் இல்ல?"

"ரெண்டு படிக்கு நடுவுல தண்ணி நின்னா?"

"பக்கத்துப் படின்னு சொல்லிடும். அந்தச் சின்னப் பொய் அதுக்குள்ளயே இருக்கு. படியைச் சின்னதா வச்சா பொய்யும் சின்னதாயிடும்."

பாதி வழியில், மலை அடிவாரத்தில், ஒரு சிமெண்டுக் கொட்டகை உண்டு. அதில் ஒரு பெட்டி. மேலேயிருந்து களைத்து வரும் துடிப்பை வாங்கி, அடித்ததா இல்லையா என்று பார்த்து, புத்தம் புதுத் துடிப்பாக மறுபடி அனுப்பும். பழைய செட்டில் இப்படிச் செய்தால் இரைச்சலையும் சேர்த்துப் பெரிதாக்கிவிடும். புதுசில் இரைச்சல் அங்கேயே உதிர்ந்துவிடும். இதைச் சொல்லும்போது அண்ணி முகத்தைப் பார்க்க வேண்டும். பழசை வைத்திருக்கிறவள் புதுசைக் கண்டால் எரிச்சல் படுவாள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். இவள் மீட்டிங்கில் எழுந்து நின்று புதுசுக்காக வாதாடினாள். பெரிய இன்ஜினியர் அதைக் கேட்டுவிட்டு, "அப்படின்னா நீங்களே ரெண்டையும் ஒப்பிட்டுப் பாருங்க. ஒரு மழைக்காலம் முழுக்க ரெண்டு செட்டும் பக்கத்துல பக்கத்துல ஓடட்டும். மேல ஒரே மிதவை, ரெண்டுக்கும் அதுலேருந்துதான் சிக்னல். மழை முடிஞ்சதும் நீங்க என்ன சொல்றீங்களோ அதுதான் முடிவு. மத்த நீர்த்தேக்கத்துக்கும் அதையே வாங்கிடுவோம்" என்றார். மேலே புது செட்டைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு அண்ணனுக்கு. இது நல்லபடியாக முடிந்தால் அவனை சூப்பர்வைசராக்கிக் கீழே கொண்டுவந்துவிடுவதாகவும் சொன்னார்கள். வீட்டில் அம்மாவுக்குக் கால் தரையில் பாவவில்லை.

அண்ணிக்கு அதில் ரெட்டைச் சந்தோஷம். புருஷன் வீட்டோடு இருப்பான். தான் சொன்ன முடிவுக்கு வாரியமே காத்திருக்கிறது. அவள் படித்த படிப்புக்கு முதல்முறையாக ஒருவர், நீ சொல், நான் கேட்கிறேன் என்றிருக்கிறார். அது எத்தனை பெரிய விஷயம் என்று வேலைக்குப் போகிற பெண்களுக்குத் தெரியும்.

புது செட்டை மாட்டின சில நாளில் ஒரு சின்னச் சிக்கல். பழைய செட்டின் முள் வெயிலடிக்கும்போதும் லேசாகத் துடிக்க ஆரம்பித்தது. அண்ணி போனில் அண்ணனிடம் புலம்பினாள். "மேல ரெண்டு செட்டோட பெட்டிக்கும் ஒரே எர்த் கம்பி போட்டிருக்காங்க போலிருக்கு. புதுசோட சத்தம் எர்த் வழியா என் செட்டுக்குள்ள வருது. இப்படி இருந்தா நான் எதை எதோட ஒப்பிடறது?" என்றாள். நான் அப்போது அங்கே இன்ஜின் ஆயில் வாங்கிக் கையெழுத்துப் போட நின்றுகொண்டிருந்தேன். மறுபக்கம் அண்ணன் சிரித்தது எனக்கே கேட்டது. "உன் முள்ளு நடுங்கக் கூடாது, அவ்வளவுதானே? நான் பார்த்துக்கறேன்" என்றான். அடுத்த நாள் முள் கல்லாட்டம் நின்றது. அண்ணிக்குப் பெருமை தாங்கவில்லை. "உங்க அண்ணன் கைராசியே தனி" என்றாள் என்னிடம்.

கைராசி! அவன் செய்தது என்ன தெரியுமா? புதுப் பெட்டிக்குத் தனியாக இன்னொரு எர்த் அடிக்க வேண்டும். அதற்குக் குழி தோண்ட வேண்டும், ஆள் கேட்க வேண்டும். ஐயா அதெல்லாம் செய்யவில்லை. இருந்த எர்த்தைக் கழற்றித் தொங்கவிட்டுவிட்டான். மழைக்காலத்தில், மலை உச்சியில், எர்த் இல்லாமல் ஒரு பெட்டி. கொஞ்ச நாளில் ஒரு மின்னல் இறங்கியது. கம்பி வழியாக ஓடி அடிவாரக் கொட்டகையில் இருந்த பெட்டியைக் கரியாக்கியது. மேலே மட்டத்தை எண்ணாக்கி அனுப்புகிற பெட்டி எப்படியோ பிழைத்தது. கொட்டகைப் பெட்டிக்கு மாற்று கிடையாது. கம்பெனியில் கேட்டுத்தான் வாங்க வேண்டும். கேட்டால் ஏன் எரிந்தது என்பார்கள். எர்த் எங்கே என்பார்கள்.

இதெல்லாம் பிற்பாடு தெரிந்தது. அன்றைக்கு எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். மழை விட்ட ஒரு காலையில் அண்ணன் ஒரு சாக்கு மூட்டையைத் தூக்கிவந்து ஜீப்பின் பின்சீட்டில் வைத்தான்.

"என்னது இது, பாறாங்கல்லா?" என்றேன்.

"பேட்டரி சார்ஜர். பழுதாயிடுச்சு. கீழ ஸ்டோர்ல போட்டு வை. லீவுக்கு வரும்போது நானே கொண்டுபோய்க் குடுத்துக்கறேன். உங்க அண்ணிகிட்ட ஒண்ணும் சொல்லாத, சார்ஜர் போச்சுன்னா தாம்தூம்னு குதிப்பா."

"குதிக்கட்டுமே, உனக்கு என்ன?"

"அம்மாடி, உனக்குப் புண்ணியமாப் போகும்" என்று கையெடுத்துக் கும்பிட்டான். புருஷன் பெண்டாட்டிக்குள் ஆயிரம் இருக்கும் என்று நானும் சிரித்துக்கொண்டே ஏற்றிக்கொண்டு வந்தேன். என்னையும் பொதி கழுதையாக்கினான் பாருங்கள், அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது.

நடுவில் புது செட் செத்துக் கிடந்த சில நாளுக்கு, மேலே பெட்டியில் சின்ன வேலை இருக்கிறது என்று அண்ணியிடம் போனில் சொல்லி வைத்திருக்கிறான். அந்த வார லீவுக்கு வந்தபோது, அண்ணி குளிக்கப் போன நேரத்தில் அவள் பையிலிருந்து கேபிள் ரூம் சாவியை எடுத்துக்கொண்டு போயிருக்கிறான். கட்டுப்பாட்டு அறைக்கு நேர் கீழே இருப்பது கேபிள் ரூம். மலையிலிருந்து வரும் கம்பிகள் எல்லாம் அங்கே வந்துதான் மேலே ஏறும். ஆபரேட்டர் வந்தால் அங்கே யார் ஏன் என்று கேட்கப் போகிறார்கள்? மூட்டையில் இருந்தது மின்னலில் பிழைத்த அந்த மேல் பெட்டிதான். அதைக் கேபிள்களுக்குப் பின்னால் செருகிவைத்து, பழைய செட்டு முள்ளுக்குப் போகிற சிக்னலில் ஒரு கிளை எடுத்து அதற்குக் கொடுத்துவிட்டான். அது அதையே எண்ணாக்கி, இரண்டு முழக் கம்பி வழியாகப் புது செட்டுக்கு அனுப்பியது. மலைக்கும் புது செட்டுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. பழைய செட் சொன்னதை அது திருப்பிச் சொன்னது, அவ்வளவுதான்.

அண்ணிக்கு இது தெரியாது. கண் முன்னால் இரண்டு செட்டும் ஒரே மட்டத்தைக் காட்டுகின்றன. மழைக்காலம் முழுக்க அந்த மனுஷி பூரித்துப் போனாள். "எப்படி ஒட்டிக்கிட்டே வருது பாருங்க! ஒரு படிகூடத் தப்பலை!" என்று மாலை போனில் அண்ணனிடம் சொல்வாள். "நீ சொன்னா சரியாத்தான் இருக்கும். நீதானே இதுக்காகச் சண்டை போட்ட?" என்பான் அவன். வீட்டுக்கு வந்தால் எனக்கும் அம்மாவுக்கும் அதே கதைதான். அம்மா தலையாட்டிக்கொண்டே தூங்கிவிடுவாள். பெரிய இன்ஜினியரிடமும் அண்ணி சொல்லிவிட்டாள், புதுசுதான் சார், சந்தேகமே இல்லை என்று. இன்னும் சில நாளில் முடிவு சொல்ல வேண்டிய கூட்டம்.

அதற்கு முன்னால் ஒரு பிற்பகலில் பெரிய இடி மழை. நான் நனைந்த கோழியாகக் கட்டுப்பாட்டு அறைக்குள் போனேன். அண்ணி நாற்காலியை விட்டு எழுந்து, புது செட்டுக்கு முன்னால் மூக்கு இடிக்கிற மாதிரி நின்றுகொண்டிருந்தாள். இடி இடித்தது. பழைய முள் நடுங்கியது. பக்கத்தில் புது செட்டின் எண்ணும் ஒரு படி ஏறி, ஒரு படி இறங்கியது. அதுவரை வந்த சின்ன இடிகளின் நடுக்கம் ஒரு படிக்குள்ளேயே அடங்கிப் போயிருந்தது என்று பிற்பாடு சொன்னாள். மறுபடி ஒரு இடி. மறுபடி அதே.

"என்ன அண்ணி, ரெண்டும் ஜோடியா ஆடுது?" என்றேன்.

 அவள் புது செட்டிலிருந்து கண்ணை எடுக்காமல், என்னிடமா தனக்குத்தானேயா என்று தெரியாமல், "இது ஆடக் கூடாதே" என்றாள். "வழியில ஏறுற இரைச்சலை இது உதறிடும். ஆடணும்னா எண்ணாகறதுக்கு முன்னாடியே அந்த இரைச்சல் உள்ள வந்திருக்கணும். மேல மிதவைகிட்ட இரைச்சல் ஏது?"

"நீங்க கேக்கறது எனக்கு எங்க தெரியும்?"

அவள் எட்டிப் பழைய செட்டின் லைன் பிளக்கைப் பிடித்து உருவினாள். முள் பொத்தென்று பூஜ்யத்துக்கு விழுந்தது. அது விழத்தான் வேண்டும். பக்கத்தில் புது செட்டும், தனிக் கம்பியில் மலையிலிருந்து வருவதாகச் சொல்லப்பட்ட அந்த செட்டும், பூஜ்யம் காட்டியது. எனக்கு மெஷின் தெரியாது. ஆனால் ஒருத்தன் கழுத்தைப் பிடித்தால் இன்னொருத்தன் மூச்சு நிற்கிறது என்றால் விஷயம் என்ன என்று எனக்கும் புரிந்தது. அண்ணி பிளக்கைத் திரும்பச் செருகினாள். 

கீழே கேபிள் ரூமுக்குப் போனோம். டார்ச் அடித்துக்கொண்டே கம்பியைக் கையால் தடவித் தடவிப் போனாள். மூலையில் கேபிள்களுக்குப் பின்னால் ஒரு சாக்கு மூடி இருந்தது. அவள் அதை விலக்குவதற்கு முன்னாலேயே நான் டார்ச்சை வாங்கி அதன் மேல் அடித்தேன். அந்தச் சாக்கை எனக்குத் தெரியும்.

"அண்ணி, இது நான் கொண்டுவந்த மூட்டை" என்றேன். "சார்ஜர்னு சொன்னான்."

அவள் பெட்டியின் பக்கத்தில் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். திட்டவில்லை, அழவில்லை. "இவ்வளவு நாளும் என்னோட செட்டையே நான் ரெண்டு தரம் பார்த்து, ஆஹா ஓஹோன்னு சொல்லிக்கிட்டு இருந்திருக்கேன்டி" என்றாள். அந்தக் குரல் இன்னும் என் காதில் இருக்கிறது.

மேலே வந்து அண்ணனுக்குப் போன் போட்டாள். நான் பக்கத்தில் நின்றேன். அவள் கேட்டது இதுதான்.

"மேல புதுப் பெட்டி எப்படி ஓடுது? லைட்டெல்லாம் எரியுதா?"

"ஜம்முனு எரியுது. ஏன்?"

"நேர்ல பார்த்துட்டுத்தான் சொல்றீங்களா?"

"இதோ கண்ணு முன்னால இருக்கே. இப்பதான் துடைச்சு வச்சேன்."

"சரி" என்று வைத்தாள். அவனுக்கு ஒரு வாசல் திறந்து வைத்துப் பார்த்தாள். அவன் அதில் நுழையவில்லை. துடைத்து வைத்தானாம், துடைத்து! நான் போனைப் பிடுங்கி நாலு கேள்வி கேட்கலாம் என்று கை நீட்டினேன். அவள் என் கையைத் தட்டிவிட்டாள்.

அவன் ஒன்றும் முட்டாள் இல்லை. அவள் என்றைக்கும் கேட்காத கேள்வியைக் கேட்டதுமே அவனுக்கு மூக்கு வியர்த்துவிட்டது. மறுநாள் காலையில் நாங்கள் பெரிய இன்ஜினியர் அறைக்குள் போய் வாயைத் திறப்பதற்குள், "உட்காருங்க. உங்க வீட்டுக்காரர் எல்லாத்தையும் போன்ல சொல்லிட்டார்" என்றார் அவர். அண்ணி என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்த ஒரு நிமிஷம் அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. பாவி, கடைசியில் உண்மையைச் சொல்லிவிட்டான் என்று நினைத்துவிட்டாள்.

பெரிய இன்ஜினியர் சொன்னார்: "நீங்கதான் எர்த்தைக் கழட்டச் சொன்னீங்களாம். பெட்டி எரிஞ்சதும், புது செட் தோத்துட்டா மீட்டிங்ல பேசினதுக்கு அசிங்கமாயிடும்னு நீங்களே கீழ கம்பியை மாத்திட்டீங்களாம். மேல இருந்த பெட்டியை நீங்க அனுப்பச் சொன்னீங்க, காரணம் தெரியாம அனுப்பிட்டேன்கறார். கேபிள் ரூம் சாவி உங்ககிட்டதானே இருக்கு?"

முழுப் பொய்யாக இருந்தால் அண்ணி சண்டை போட்டிருப்பாள். பாதி நிஜத்தை எடுத்து அதன் மேல் அவன் பொய்யைத் தடவியிருந்தான். எர்த்தில் கோளாறு என்று இவள் சொன்னது நிஜம். புதுசுக்காக வாதாடியது நிஜம். சாவி இவளிடம் இருந்தது நிஜம். "சாவி என்கிட்டதான் சார் இருக்கு" என்று மட்டும் சொன்னாள். விசாரணை முடியும்வரை கட்டுப்பாட்டு அறைக்குள் வர வேண்டாம் என்று அவர் சொல்லிவிட்டார். நான் மூட்டையைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன். "டிரைவர் வெளிய இருங்க" என்றார்.

வீட்டில் அம்மாவுக்கு அதற்குள் விஷயம் போய்விட்டது. அண்ணன் அவளிடமும் பேசியிருக்கிறான். சமையலறைக்குள் என்னை இழுத்துக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினாள்.

"விசாரணையில நீ மூட்டை கீட்டைன்னு ஒண்ணும் உளறி வைக்காதடி. அவன் ஆம்பளை, வேலை போனா எழுந்திருக்க மாட்டான். அவ படிச்சவ, எங்கேயாவது பொழைச்சுக்குவா."

"அதனால அவ தலையில கல்லைப் போடலாமா?"

"உன் கூடப் பிறந்தவன்டி அவன். ஒரே வயித்துல பிறந்துட்டு அவனைக் காட்டிக் குடுப்பியா?"

"நீதானே ரெண்டு பேரையும் பெத்த? பொய் சொன்னா வாயில மிளகாய் வைப்பேன்னு என்னை மட்டும்தான் மிரட்டினியா?" என்றேன். அம்மா அறைய வந்து, அறையாமல், முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அடித்திருந்தால்கூடத் தேவலை. கதவைத் திறந்தால் கூடத்தில் அண்ணி துணி மடித்துக்கொண்டிருந்தாள். எல்லாம் கேட்டிருக்கும்.  சொல் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அம்மாவின் துணியைத் தனியாக எடுத்து அலமாரியில் அடுக்கினாள்.

விசாரணையில் அண்ணன் அண்ணிக்கு எதிர் நாற்காலியில் உட்கார்ந்து அவளைப் பார்க்காமல் பேசினான். அதே தேன் ஒழுகும் பேச்சு. "அவ ஆர்வத்துல செஞ்சிட்டா சார், மன்னிச்சு விட்டுடுங்க" என்று அவளுக்காகப் பரிந்து வேறு பேசினான். அதைக் கேட்டதும் என் பொறுமை போய்விட்டது. கூப்பிடுவதற்கு முன்னாலேயே கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன்.

"மூட்டையைக் கொண்டுவந்தது நான் சார். குடுத்தது இவன். சார்ஜர்னு சொன்னான். அண்ணிகிட்ட சொல்லாதன்னு கும்பிட்டான். அவங்கதான் அனுப்பச் சொன்னாங்கன்னா அவங்களுக்குத் தெரியக் கூடாதுன்னு என்னை எதுக்கு சார் கும்பிடணும்?"

 அண்ணன் என்னைப் பார்த்தான். சின்ன வயதில் சைக்கிளில் என்னைப் பின்னால் உட்கார வைத்து ஓட்டியவன். "நீயுமா?" என்றான். அந்த ஒரு வார்த்தைக்குப் பிறகு அவன் தேன் வற்றிவிட்டது. பெரிய இன்ஜினியர் ஒவ்வொன்றாகக் கேட்கக் கேட்க, எர்த், மின்னல், சாவி என்று எல்லாம் வெளியே வந்தது. அவனை வேலையிலிருந்து எடுத்தார்கள். அண்ணியைத் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டார்கள். கொட்டகைக்கு வேறு பெட்டி வரும், தனி எர்த் அடிக்கப்படும், அடுத்த மழைக்கு ஒப்பீட்டை முதலிலிருந்து செய்ய வேண்டும் என்றார்கள். இவள் தலையாட்டினாள்.

அவள் மறுபடி டியூட்டிக்குப் போக வேண்டிய காலையில் அண்ணன் மலையிலிருந்து பெட்டி படுக்கையோடு வந்து சேர்ந்தான். அம்மா அவனுக்குத் தட்டு வைத்தாள். என் பக்கம் திரும்பவே இல்லை. அண்ணி செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள். அவன் சாப்பிடாமல் அவளிடம் வந்தான்.

"உனக்காகத்தானே எர்த்தைக் கழட்டினேன்? முள்ளு நடுங்குதுன்னு நீதானே சொன்ன?"

"ஆமா, நான்தான் சொன்னேன். அதுல என் பங்கு இருக்கு, நான் இல்லைங்கல. பெட்டி கருகினதும் போன்ல ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் என்ன செஞ்சிருப்பேன்னு நெனச்சீங்க?"

"திட்டியிருப்ப."

"திட்டியிருப்பேன். திட்டிட்டு இவ ஜீப்புல ஏறி மேல வந்திருப்பேன். ரெண்டு பேருமா போய் எங்க தப்புதான் சார்னு நின்னிருப்போம்."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "சரி, நடந்தது நடந்துபோச்சு" என்றான்.

"இன்னும் ஒண்ணு கேக்கறேன். தினம் சாயங்காலம் ரெண்டும் ஒண்ணாக் காட்டுதுன்னு நான் சந்தோஷப்பட்டுச் சொல்லுவேனே. அப்ப உங்களுக்கு என்ன தோணும்?"

அவன் ரொம்ப நேரம் யோசித்தான். என்ன இருந்தாலும் என் அண்ணன். ஏதாவது நல்லதாகச் சொல்லித் தொலையேன், குத்தியது என்று சொல், தூக்கம் வரவில்லை என்று சொல் என்று நான் உள்ளுக்குள் அடித்துக்கொண்டேன். பொய்யாகவாவது சொல்லியிருக்கலாம்.

"இன்னைக்கும் மாட்டிக்கலைன்னு தோணும்" என்றான்.

பொய்யே பேசிக்கொண்டிருந்தவன் அன்றைக்குப் பார்த்துத்தான் உண்மை பேசினான். அண்ணி தலையை ஒருமுறை ஆட்டினாள். பையை எடுத்துக்கொண்டு ஜீப்பில் ஏறினாள். பம்ப் நிலையத்து கேட் வரைக்கும் அழுதாள். அப்படி ஒரு அழுகையை நான் பார்த்ததில்லை. நான் வண்டியை மெதுவாக ஓட்டினேன்.  கேட்டில் நிறுத்தியதும் முகத்தைத் துடைத்துக்கொண்டு கண்ணாடியில் பார்த்தாள்.

"சாயங்காலம் வர்றியா? தங்கறதுக்கு ஒரு ரூம் பார்க்கணும்" என்றாள். "என் துணியெல்லாம் உங்க வீட்டுலதான் இருக்கு. அதை மட்டும் எடுத்துட்டு வந்துடு."

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் நம்ம வீடு என்றுதான் சொல்லுவாள். வருகிறேன் அண்ணி என்றேன். அவள் இறங்கிப் படியேறிப் போய்விட்டாள். நான் ஸ்டியரிங்கின் மேல் தலையை வைத்துக்கொண்டு, பின்னால் நின்ற லாரிக்காரன் ஹாரன் அடித்துக் கத்துகிற வரைக்கும் அங்கேயே இருந்தேன்.